டீப் ஃப்ரீசர் வாங்கலாமா? கிருஷ்ணகிரி வாசகிக்கு ஒரு பதில்

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 29, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. கணவருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை, இவருக்கு ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை. வாடகை வீட்டில் இரண்டே பேர். நீளமான கடிதம், அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

"ரெண்டு பேருக்கு மாதம் 12 ஆயிரம் ஆகிறது, எங்கே போகிறது என்றே புரியவில்லை" என்கிறார். கணக்கும் அனுப்பியிருக்கிறார்: மளிகை 4,000, காய்கறி பழம் 1,600, பால் 1,500, கறி முட்டை 1,800, வெளியில் வாங்கிச் சாப்பிடுவது 3,000. இதற்கு நடுவில் பாலக்கோடு பக்கம் கிராமத்தில் இருக்கும் மாமியார் வாரா வாரம் ஒரு பை நிறைய தக்காளி, அவரை, தேங்காய், ராகி மாவு என்று கொடுத்தனுப்புகிறார். பாதி அழுகிப்போகிறது, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை. ஒரு நாள் சமைத்து ஒரு மாதம் சாப்பிடலாம் என்று சொன்ன ஒரு வீடியோவைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார், குருமா, சாதம் எல்லாம் மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் அடுக்கினார். வியாழக்கிழமை பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இல்லை. சாயங்காலம் பார்த்தால் பாதி தண்ணீர். கரண்ட் வந்ததும் அது மறுபடி உறைந்துவிட்டது, சனிக்கிழமை நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டார்கள், ரெண்டு பேருக்கும் ரெண்டு நாள் வயிற்றுப்போக்கு.

ஃப்ரிட்ஜ் சின்னது, அதனால்தான் இப்படி ஆனது என்பது கணவரின் முடிவு. மாதம் 1,350 ரூபாய் வீதம் 12 தவணையில் டீப் ஃப்ரீசர் எடுக்கலாம் என்கிறார். மாமியாரோ, "ஐஸ்ல வச்சதைத் தின்னா வயித்துல குழந்தை தங்காது" என்கிறார். ஒரு வருடமாகக் குழந்தைக்கு எதிர்பார்த்துக்கொண்டிருப்பதால் அந்தப் பேச்சு உள்ளே போய்க் குத்துகிறது என்று எழுதியிருக்கிறார். கடைசியாக இன்னொன்று: தேதி தாண்டிய பனீரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "ஃப்ரீசர்ல இருந்தா தேதி பார்க்க வேண்டாம்மா" என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அது சரியா?

சகோதரி, நீங்கள் கணக்கு எழுதி அனுப்பியதே பாதி வேலையை முடித்துவிட்டது. ஃப்ரீசர் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பணம் எந்த ராத்திரியில் போகிறது

உங்கள் கண் தக்காளி மேல் இருக்கிறது, என் கண் அந்த 3,000 ரூபாய் மேல். ஒரு தடவைக்கு 250 ரூபாய் என்று வைத்தால் மாதம் 12 தடவை வெளியில் வாங்குகிறீர்கள். "வேலை விட்டு வந்து அலுப்பாக இருந்தால் பரோட்டாதான்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதில் தப்பும் ஒன்றும் இல்லை, வேலைக்குப் போகும் யார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் உங்கள் வீட்டு ஃப்ரீசர் போட்டி போட வேண்டியது அந்தப் பரோட்டாக் கடையோடு. மாதச் சமையல் முழுவதையும் அது தாங்க வேண்டியதில்லை, அந்த 12 ராத்திரியில் 8 ராத்திரியை அரை மணி நேரத்தில் சாப்பாடாக்கிக் கொடுத்தால் போதும். எட்டு தடவைக்கு 2,000 ரூபாய். வீட்டில் செய்ய ஆகும் செலவு தடவைக்கு 60 என்று கழித்தாலும் 1,500 ரூபாய் கையில் நிற்கும்.

இப்போது தவணையைப் பாருங்கள், 1,350. மிச்சம் பிடித்ததை அப்படியே கொண்டுபோய் ஃப்ரீசருக்குக் கட்டுவீர்கள், அதற்கு மேல் கரண்ட் பில். சின்ன டீப் ஃப்ரீசர் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குப் பக்கமாக இழுக்கிறது என்று வைத்தால்கூட, இரண்டு மாத பில்லில் 60 யூனிட் கூடும். அதோடு மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அடுக்கே மாறிவிடும். வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் விருப்பத்துக்கு வாங்குகிறார் என்றால் இன்னும் மோசம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இடம் பெரிதானால் அதை நிரப்பத்தான் கை போகும். இருவர் வீட்டில் டீப் ஃப்ரீசரின் அடித்தட்டில் போன வருடத்து மீன் கிடக்கும், அது அங்கே இருப்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இருக்கும் ஃப்ரீசரையே கொஞ்சம் சரி பண்ணுங்கள். உட்சுவரில் அரை சென்டிமீட்டருக்கு மேல் பனி கட்டியிருந்தால் அணைத்துவிட்டு உருகவிடுங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள். உணவை நாள்பட வைக்க மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் கரண்ட் சிக்கனத்துக்கானது, குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃப்ரீசர் கதவில் பனிச்செதில் மாதிரி நட்சத்திரக் குறி தனியாக இருந்தால் அதைப் பாருங்கள்: ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. குறியே இல்லையா? ஐஸ்கிரீம் வைத்துப் பாருங்கள். மறுநாள் ஸ்பூன் சுலபமாக இறங்குகிறது என்றால் அந்த ஃப்ரீசர் மாதக்கணக்கில் வைக்க லாயக்கில்லை, ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

அந்தச் சாம்பார்

எதனால் வயிறு கெட்டது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு இடம் கண்ணில் பட்டது. ஒன்று, காலை 11 மணிக்குச் செய்த சாம்பாரை "சூடு ஆறட்டும்" என்று பெரிய குண்டானிலேயே விட்டு ராத்திரி 9 மணிக்குத்தான் உள்ளே வைத்திருக்கிறீர்கள். இரண்டு, உருகியதை மறுபடி உறையவிட்டீர்கள்.

குளிர் கிருமியைக் கொல்லாது சகோதரி, தூங்கத்தான் வைக்கும். உருகியதும் விட்ட இடத்திலிருந்து பெருக ஆரம்பிக்கும். சமைத்த பண்டம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு ஆபத்து, பெரிய குண்டானின் நடுப்பகுதி மணிக்கணக்கில் அந்த வெதுவெதுப்பிலேயே இருக்கும். "நல்லா கொதிக்க வச்சுத்தான் சாப்பிட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் அதற்குள் கக்கிவைத்த விஷம் சாகாது. சாதத்தில் வரும் ஒரு வகை அப்படித்தான், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. அதனால்தான் மிஞ்சிய சாதத்தை வெளியிலேயே விட்டு ராத்திரி சூடுபண்ணிச் சாப்பிட வேண்டாம் என்று நாங்கள் தொண்டை வறளக் கத்துகிறோம்.

செய்ததை அகலமான தட்டு அல்லது பாத்திரத்தில் ஊற்றுங்கள், அந்தப் பாத்திரத்தைத் தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் வைத்துக் கிளறிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், அது ஒன்றுதான் வழி. இறுக்கமாக மூடும், நிறைந்திருக்கும் தனி ஃப்ரீசர் 48 மணி நேரம்கூடத் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் உள்பெட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது, நீங்களே பார்த்துவிட்டீர்கள். கீழ்த்தட்டுகளுக்கு 4 மணி நேரம்தான். காலி இடத்தில் தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி உறையவைத்தால் குளிர் கொஞ்சம் நேரம் கூட நிற்கும், நாளைக்கு மின்தடை என்று அறிவிப்பு வந்தால் முந்தின ராத்திரியே செய்யுங்கள். கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டாம், தண்ணீர் உறையும்போது விரிந்து உடைத்துவிடும்.

வீட்டில் இல்லாத நேரத்தில் கரண்ட் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு பழைய யுக்தி இருக்கிறது. சின்னக் கப்பில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். காசு அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். கறி, மீன், சமைத்த பண்டம் எதையும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

எதை வைப்பது, எதை வைக்கவே கூடாது

முழுச் சாப்பாட்டை உறையவைப்பது நம் சமையலுக்கு ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். சாதம் குக்கரில் இருபது நிமிடத்தில் ஆகிவிடும், அதற்குப் போய் ஃப்ரீசரில் இடம் கொடுப்பானேன்? சாம்பாரில் கிடக்கும் முள்ளங்கியும் குருமாவில் கிடக்கும் உருளைக்கிழங்கும் உருகினால் சொதசொதவென்று ஆகிவிடும். காய்க்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக உறைந்து அதன் சதையைக் கிழிப்பதால் அப்படி. சுரை, பீர்க்கு, வெள்ளரி, தயிர், ஓட்டோடு முட்டை, ராகிக் களி இவை எல்லாம் ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது. சமையலில் நேரம் தின்னும் பகுதியை மட்டும் முன்கூட்டியே முடித்து உறையவையுங்கள்.

தக்காளியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் உங்களைப் படுத்துகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை எப்படி ஆடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு சமயம் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது, 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. மாமியார் அனுப்பும் பையில் நன்றாகப் பழுத்தவற்றைக் கழுவித் துடைத்து, ஈரம் போனதும் கவரில் போட்டு முழுசாகவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கல் மாதிரி ஆகிவிடும், எடுத்துக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் காட்டினால் தோல் விரலோடு வந்துவிடும், அப்படியே வாணலியில் போட வேண்டியதுதான். ரசத்துக்கும் குழம்புக்கும் பிரமாதம், பச்சடிக்கு ஆகாது. காயாக இருப்பதை வெளியிலேயே பரப்பி வையுங்கள். இடம் போதவில்லை என்றால் இஞ்சி பூண்டு சேர்த்து வதக்கிச் சுண்டவைத்து, ஒரு வேளை அளவாகப் பிரித்து வையுங்கள். அந்த ஒரு பொட்டலம் இருந்தால் ராத்திரி முட்டைக் குழம்பு அரை மணி நேரத்தில் ஆகிவிடும். 250 ரூபாய் மிச்சம்.

அவரைக்கு வேறு பக்குவம். மார்கழி, தை மாதத்தில் நம் பக்கம் பிதுக்கம்பருப்பு (தோலைப் பிதுக்கி எடுத்த அவரைக் கொட்டை) மலிவாக வரும்போது சேர்த்து வைத்தால் வெயில் காலம் வரைக்கும் குழம்புக்கு ஆகும். பச்சையாக உறையவைத்தால் உள்ளே இருக்கும் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும், நிறமும் ருசியும் போய்விடும். கொதிக்கும் தண்ணீரில் இரண்டு, மூன்று நிமிடம் போட்டு எடுத்து உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றி, வடித்துத் துணியில் ஈரம் போக்கி, தட்டில் பரப்பி உறையவைத்த பிறகு கவருக்கு மாற்றுங்கள். நேரே கவரில் கொட்டினால் ஒரே கட்டியாகிவிடும், சுத்தியல்தான் தேடணும். பச்சைப் பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் இதே பக்குவம்தான். ஆனி மாதம் மாம்பழம் தெருவெல்லாம் கிடக்கும்போது துண்டு போட்டுத் தட்டில் பரப்பி உறையவையுங்கள், அதற்குக் கொதிநீர் வேண்டாம்.

கொண்டைக்கடலை, மொச்சை, கொள்ளு இவற்றை அரை கிலோவாக ஊறவைத்து ஒரே தடவை குக்கரில் வேகவைத்து, இருவருக்கு ஒரு வேளை அளவாகப் பிரித்து வையுங்கள், கேஸும் மிச்சம். தேங்காய் மூன்று நாலு சேர்ந்துவிட்டால் துருவி வைத்துவிடுங்கள். கோழி கிலோ கணக்கில் வாங்கினால் கால் கிலோவாகப் பிரித்து, மஞ்சளும் உப்பும் தடவி, கவரில் ஒரு விரல் தடிமனுக்குத் தட்டையாக அமுக்கி வையுங்கள், சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். காலையில் வேலைக்குப் போகும்போது கீழ்த்தட்டுக்கு இறக்கி, அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனால் ராத்திரிக்குத் தயார். சமையல் மேடையில் வைத்து உருகவிடாதீர்கள். வீட்டு ஃப்ரீசரில் கறியை ஒரு மாதத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். தோசை மாவும் வைக்கலாம், ஆனால் இட்லி கல்லாகும், தோசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதுங்கள். உறைந்தபிறகு குருமாவும் குழம்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். சூடான எதையும் பிளாஸ்டிக் கவரில் ஊற்றாதீர்கள்.

மாமியார் சொன்னது

உறையவைத்த உணவால் கரு தங்காது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கொதிநீரில் போடும்போது வைட்டமின் சி கொஞ்சம் போகும், மற்றபடி சத்து பெரிதாகக் குறையாது, நாலு நாள் கீழ்த்தட்டில் வாடிய கீரையைவிடப் பறித்த அன்றே உறையவைத்த காய் மேல். ஆனால் அவர் பயத்தில் ஒரு ஓரத்தில் நியாயம் இருக்கிறது: குழந்தைக்கு எதிர்பார்க்கும் நேரத்தில் கெட்டுப்போன உணவால் வரும் தொற்று நல்லதில்லை. "அத்தை, கெட்டுப்போனதைச் சாப்பிட மாட்டோம், நீங்க அனுப்பறது வீணாகாம இருக்கத்தான் இப்படி வைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சண்டையாகாது என்றுதான் நினைக்கிறேன். அப்படியே, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பாதி காயாக அனுப்பச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதைவிட முக்கியமானது, ஒரு வருடமாக எதிர்பார்த்தும் தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இருவரும் போங்கள், உங்கள் கணவருக்கும் பரிசோதனை உண்டு. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஆரம்பிக்கலாம். கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுப்பது வழக்கம், அதைப் பற்றியும் கேளுங்கள். இந்தப் பழியை ஃப்ரிட்ஜ் மேலேயும் போட வேண்டாம், உங்கள் மேலேயும் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மளிகையும் ரேஷனும் அந்தப் பனீரும்

மளிகை 4,000 ரூபாயில் "பெரிய பாக்கெட் வாங்கினால் லாபம்" என்ற கணக்கு ஓடுகிறது என்று தெரிகிறது. ஐந்து கிலோ ஆட்டா மாவில் ஒரு கிலோ வண்டு விழுந்தால் லாபம் அங்கேயே போச்சு. இப்போது பொட்டலத்தில் கிராமுக்கோ கிலோவுக்கோ, மில்லிக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது விதி, சின்னதாக எம்.ஆர்.பி. பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஒப்பிடுங்கள், பல சமயம் பெரிய பொட்டலத்துக்கும் நடுத்தரத்துக்கும் வித்தியாசம் சில்லறைக் காசுதான். காய்க்கு உழவர் சந்தை, காலையிலேயே போய்விடுங்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், வெளிக்கடையோடு ஒப்பிட அதுவே அளவுகோல். மாமியார் அனுப்பிய பையைப் பிரித்துப் பார்த்த பிறகு சந்தைக்குப் போங்கள், முன்னால் இல்லை.

ரேஷன் அட்டை இன்னும் மாமியார் வீட்டில்தான் என்கிறீர்கள். தனிக் குடித்தனம் வந்து இரண்டு வருடம் ஆகிறது, உங்கள் பிறந்த வீட்டு அட்டை, மாமியார் வீட்டு அட்டை எதில் இருந்தாலும் உங்கள் இருவர் பெயரையும் நீக்கிவிட்டுப் புது அட்டைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசி பிடிக்கவில்லை என்றால் தோசை மாவுக்குப் போடுங்கள், பருப்பு ஒன்றுக்காகவே அலையலாம்.

பனீர் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது தவறு. தேதி தாண்டிய பொருளை விற்கவே கூடாது, ஃப்ரீசரில் இருந்தாலும் சரி, வெளியில் இருந்தாலும் சரி. உங்கள் வீட்டில் தேதிக்கு முன்னாலேயே வாங்கி நீங்கள் உறையவைப்பது வேறு, கடையில் தேதி முடிந்ததை உறையவைத்து விற்பது வேறு. பில்லையும் பொட்டலத்தையும் தூக்கிப்போடாதீர்கள், தேதி தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கடையிலேயே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முடியாது என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் அழைக்கலாம். அறுபது எழுபது ரூபாய்க்கு இவ்வளவா என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், ஆனால் அந்தப் பனீரை மட்டும் சமைக்காதீர்கள்.